டாங்கிக்குப் பட்டி பார்க்காதீர்கள்

ஜனவரி 26 நெருங்கினால் போதும், ரவுண்டானாவில் நிற்கும் பழைய டாங்கிகளுக்கு வாழ்வு வந்துவிடும். இரண்டு பேர் ஏணியும் வாளியுமாக வருவார்கள். தூசியைக்கூடத் துடைக்காமல், துருவின் மேலேயே பச்சை எனாமல் பெயின்ட். சக்கரத்து ரப்பருக்குக் கறுப்பு. குழல் முனைக்குச் சிவப்பு வளையம். மேடைக்குச் சுண்ணாம்பு. மறுநாள் மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். "பழம்பெரும் டாங்கி புதுப்பிக்கப்பட்டது" என்று செய்தியும் வந்துவிடும்.

இதைப் புதுப்பித்தல் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது துருவுக்குப் போர்வை போர்த்துவது. மேலே பளபளப்பு, உள்ளே அழுகல். இதற்கு நாட்டுப்பற்று என்று பெயர் வைப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

நான் ஆவடியில் டாங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபிட்டராகச் சேர்ந்து சூபர்வைசராக வெளியே வந்தேன். விஜயந்தா டாங்கியை வெறும் தகடாகவும் பார்த்திருக்கிறேன், சோதனை ஓட்டத்துக்குப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும், கோவிலுக்கு முன்னால் அங்கே டாங்கி நிற்கிறதா என்றுதான் கண் தேடும். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

வெட்டவெளியில் நிற்கும் டாங்கிக்கு என்ன ஆகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பது போல அது ஒரே இரும்புக் கட்டி இல்லை. உள்ளே வெறும் கூடு. மேலே ஆள் இறங்கும் மூடிகள் இருக்கின்றன. பின்பக்கம் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் சட்டங்கள் இருக்கின்றன. மேல்கூண்டும் உடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய வளையம், அதற்குள் குண்டு பேரிங். இத்தனை வழியாகவும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அடித்தட்டில் தண்ணீர் வெளியேற அடைப்பான்கள் உண்டு. அவற்றைத் திறந்து வைத்தால் வடிந்துவிடும். யாரும் திறப்பதில்லை. பல இடங்களில் பையன்கள் உள்ளே இறங்கக் கூடாது என்று மூடிகளை வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. தண்ணீர் மட்டும் எப்படியோ போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாறு மழைக்காலம் கடந்தால் அந்த டாங்கி வயிற்றில் குளத்தோடு நிற்கும். பேரிங் இறுகும், அடித்தட்டு பொரியும், ஒயர்களை எலி தின்னும், தோல் இருக்கைகள் சேறாகும்.

இதற்கு வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்து என்ன பயன்? வயிற்றுவலிக்காரனுக்கு முகத்தில் பவுடர் பூசுவது போலத்தான்.

ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு விஜயந்தாவுக்குப் பட்டி பார்த்திருந்தார்கள். ஆமாம், வீட்டுச் சுவருக்குப் பார்ப்பது போல. வெல்டிங் வரி தெரிகிறதாம், மேடுபள்ளமாக இருக்கிறதாம், அதனால் பட்டி வைத்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அதன்மேல் சினிமா செட் மாதிரி மூன்று நிறத்தில் புள்ளிப்புள்ளியாக அடித்திருந்தார்கள். வேலையை மேற்பார்த்தவரிடம், "ஐயா, இந்த வெல்டிங் வரிதான் இந்த வண்டியின் கையெழுத்து, அதையா மூடினீர்கள்?" என்று கேட்டேன். "பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா சார்?" என்றார் அவர். அவர் நல்ல மனிதர், கொடுத்த காண்டிராக்ட்டைச் செய்தார். அந்தக் காண்டிராக்ட்டில் பெயின்ட், பட்டி, சுண்ணாம்பு மூன்றைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை என்பதுதான் என் புகார்.

அந்த வெல்டிங் வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. கவசத் தகடு சாதாரண இரும்பு அல்ல. சாதா ராடை எடுத்து அவசரத்துக்கு ஒட்டினால், அன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், அப்புறம் ஓரத்தில் விரிசல் விடும். அதற்கான ராடு வேறு, சூடு வேறு, வரிசை வேறு. அதைக் கற்றுக்கொள்ள நம் ஆட்கள் எத்தனை தகட்டைப் பாழாக்கி, எத்தனை ராத்திரி ஷிப்ட் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து கற்றுக்கொண்ட கை அது. அந்தக் கையெழுத்தின் மேல்தான் பட்டி.

விஜயந்தாவின் கதை பெரும்பாலும் போர்க்களக் கதை இல்லை, அது தொழிலின் கதை. 1961ல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம். ஆவடியில் தொழிற்சாலை எழும்பி, 1965 இறுதியில் முதல் வண்டி வெளியே வந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாக இங்கேயே செய்தார்கள். 1980களின் தொடக்கம் வரை 2,000க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. சுமார் 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். 1971 போரிலும் பணியாற்றியது.

அதன் இன்ஜினைப் பார்த்திருக்கிறீர்களா? லேலண்ட் எல்-60. ஆறு சிலிண்டர், ஆனால் 12 பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து மோதுவது போல வேலை செய்யும். மேலே ஒரு கிராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று. சிலிண்டர் ஹெட் என்பதே கிடையாது. காகிதத்தில் அற்புதமான யோசனை, கையில் பெரிய தலைவலி. தண்ணீர் கசியும், சூடேறும். பிரிட்டனிலேயே அதைப் பொருத்திய டாங்கிகள் இந்த இன்ஜினால் பட்ட பாடு ஊரறிந்தது. அந்தத் தலைவலியோடு குடும்பம் நடத்திய மெக்கானிக்குகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஓர் இன்ஜினைப் பக்கவாட்டில் வெட்டி, உள்ளே தெரிகிற மாதிரி வைத்துப் பாருங்கள். பாலிடெக்னிக் பையன் ஒருவன் அரைமணி நேரம் அங்கேயே நிற்பான். பச்சை பெயின்ட்டைப் பார்க்க எவன் நிற்பான்? செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

பீரங்கியோடு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றும் உண்டு. கணினி எல்லாம் வராத காலம். தூரம் தெரிய வேண்டும் என்றால் முதலில் அந்தச் சின்னத் துப்பாக்கியால் சுட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்து, அப்புறம் பெரிய குண்டைப் போடுவார்கள். இப்படி விளக்க ஒரு பலகை வைக்க எத்தனை ரூபாய் ஆகும்? நான் பார்த்த பெரும்பாலான மேடைகளில் டாங்கியின் பெயர் இல்லை. ஆனால் திறந்து வைத்தவரின் பெயர் கல்லில் பொறித்திருக்கும்.

விஜயந்தாவுக்கு ஒரு நியாயம் என்றால், பாட்டன் டாங்கிக்கு வேறு நியாயம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் அசல் உத்தர் சண்டை. வாய்க்காலை உடைத்துக் கரும்புக் காடுகளில் தண்ணீர் விட்டார்கள். அமெரிக்கத் தயாரிப்பான பாட்டன் டாங்கிகள் சேற்றில் திணறின. நூற்றுக்கு நெருக்கமான டாங்கிகள் அழிந்தும் கைவிடப்பட்டும் அங்கே கிடந்தன. பாட்டன் நகர் என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பு இல்லாத பீரங்கியை வைத்துக்கொண்டு அந்த டாங்கிகளை எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்தவர் அப்துல் ஹமீது. மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்றார். அன்று பிடிபட்ட டாங்கிகள்தான் பிறகு நாட்டின் பல ஊர்களுக்கும் கண்டோன்மெண்டுகளுக்கும் வெற்றிச் சின்னங்களாகப் போயின.

அப்படிப்பட்ட ஒரு டாங்கியில் எது முக்கியம்? அதன் ஓட்டை. அந்த ஜீப் பீரங்கியின் குண்டு சிறிய ஓட்டைதான் போடும், நாசம் எல்லாம் உள்ளே நடக்கும். திட இரும்புக் குண்டு துளைத்த இடத்தில் உலோகம் உதடு மாதிரி பிதுங்கி நிற்கும். ஒரு ஜீப்புக்கும் ஒரு டாங்கிக்கும் நடந்த சண்டைக்குச் சாட்சி அந்த ஓட்டை ஒன்றுதான். அதைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடிக்கிறவன் சாட்சியின் வாயை அடைக்கிறான். அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று இரண்டு உதாரணம் தருகிறேன். வெள்ளைக்காரன் செய்தால் சரி என்று சொல்ல வரவில்லை, யோசித்துச் செய்தார்கள் என்று சொல்ல வருகிறேன்.

ஒன்று, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள டைகர் 131. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டாங்கி. ஒரு குண்டு குழலில் பட்டுத் தெறித்துக் கூண்டு வளையத்தில் சிக்கியது, கூண்டு திரும்பவில்லை, உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். 1990ல் பிரித்து வேலையைத் தொடங்கினார்கள். அது மறுபடி ஓடியது 2003ல். 13 வருஷம்! நம் ஆட்கள் ஜனவரி 24 தொடங்கி 25 சாயங்காலம் முடித்துவிடுகிறார்கள். அத்தனை வேலை பார்த்தவர்கள் குண்டு பட்ட வடுக்களை மட்டும் அழிக்கவில்லை. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்று, பிரான்சில் பிளெஸ்கியேர் கிராமத்தில் இருக்கும் 'டெபோரா'. 1917 நவம்பர் 20ல் கம்ப்ரே சண்டையில் அடிபட்ட பிரிட்டிஷ் டாங்கி. எட்டுப் பேரில் ஐந்து பேர் அன்றே செத்தார்கள். ஊர் நடுவே மண்ணுக்குள் புதைந்து போயிருந்த வண்டியை, உள்ளூர்க்காரர் ஒருவர் வருஷக்கணக்காகத் தேடி, 1998ல் தோண்டி எடுத்தார். அதற்கு அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை, முன்பக்கம் கிழிந்து கிடந்ததை ஒட்டவில்லை. மேலும் கெடாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, 2017ல் ஒரு கட்டடம் கட்டி, அப்படியே உள்ளே நிறுத்தினார்கள். அந்த ஐந்து பேரின் கல்லறைகள் இருக்கும் இடுகாட்டின் பக்கத்திலேயே அந்தக் கட்டடம்.

ஒன்றை ஓட வைத்தார்கள், இன்னொன்றைத் தொடாமல் விட்டார்கள். இரண்டும் நேர்மையான வழிதான், ஏனென்றால் "இந்தப் பொருள் எதைச் சொல்ல வேண்டும்?" என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்பானரை எடுத்தார்கள். நம் வழக்கத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. பாட்டனுக்கும் பச்சை, விஜயந்தாவுக்கும் பச்சை, முடிந்தது கதை.

நம் நாட்டில் இதைச் செய்ய முடியாது என்பவர்கள் அகமத்நகருக்குப் போய்ப் பாருங்கள். இப்போது அகில்யாநகர் என்கிறார்கள். 1994 முதல் அங்கே ராணுவம் ஒரு டாங்கி அருங்காட்சியகம் நடத்துகிறது. 1971ல் பசந்தர் சண்டையில் 21 வயதில் உயிர் விட்டாரே அருண் கேத்ரபால், அவருடைய 'ஃபமகுஸ்தா' டாங்கியையும் அந்த ஊர்க் கவசப்படைப் பள்ளியில்தான் காத்து வைத்திருக்கிறார்கள். ராணுவத்துக்கு இது தெரியும். ராணுவத்தின் கையை விட்டு ஊருக்குள் வந்த பிறகுதான் பட்டி, எனாமல் எல்லாம்.

மறுப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"கொலைக் கருவிக்கு எதற்கு ஐயா இவ்வளவு சீர்?" என்று என் சிநேகிதர் ஒருவர், காந்தியவாதி, கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போரை அழகாகக் காட்டுவது எது? ஓட்டையை அடைத்து, மாலை போட்டு, குழந்தையைக் குழல்மேல் உட்கார வைப்பதுதானே? அந்த ஓட்டையைத் திறந்து காட்டி, "இதற்குள் நான்கு பேர் இருந்தார்கள், இடம் இவ்வளவுதான், வெளியேற வழி இவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். எந்தப் பிள்ளையும் போரை விளையாட்டு என்று நினைக்காது. என் சிநேகிதருக்குத்தான் இந்த விஷயத்தில் என்னைவிட அதிக அக்கறை வேண்டும்.

"பள்ளிக்கூடத்துக்கே கூரை இல்லை, டாங்கிக்குக் கூரையா?" என்பார்கள் சிலர். பள்ளிக்கூடத்துக்கு முதலில் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் பெயின்ட்டுக்கும் பந்தலுக்கும் விழாவுக்கும் செலவாகிறதே, அது எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது? அந்தக் காசைச் சில வருஷம் சேர்த்தாலே ஒரு தகரக் கூரை வந்துவிடும். கூரை வந்தால் பெயின்ட் செலவும் குறையும். இது கணக்கு தெரிந்த எந்த இல்லத்தரசிக்கும் புரியும்.

"ஓட வைத்துவிடலாமே!" என்று ஆர்வக் கோளாறு உள்ளவர்கள் சிலர். எனக்கும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க ஆசைதான். ஆனால் எல்-60க்கு உதிரி பாகத்துக்கு எங்கே போவது? டைகரையே அதன் சொந்த இன்ஜினோடு ஓட வைக்கவில்லை, வேறு இன்ஜின் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஓட வைத்தால் தேய்மானம், தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்ற மாற்ற அசல் குறையும். ஓடாமல் ஒழுங்காக நிற்கட்டும், அது போதும்.

கடைசியாக, "மக்களுக்கு இதெல்லாம் புரியாது" என்பவர்கள். இவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டிராக்டரைத் தானே பிரித்துப் பூட்டுகிற மக்கள் நம் மக்கள்.

அலட்சியத்தின் முடிவு என்ன என்று நாம் பார்க்காததல்ல. 1971ன் வீரக் கப்பல் விக்ராந்த் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்க முடியவில்லை என்று 2012ல் மூடினார்கள், பிறகு உடைத்தார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்க்குக்குப் போனது. 2010ல் ஓய்வு பெற்ற வாக்லி நீர்மூழ்கிக் கப்பலை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கப் போவதாகச் சொன்னார்கள். அது சென்னைத் துறைமுகத்தில் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்ததுதான் மிச்சம். அதே நேரத்தில் விசாகப்பட்டினத்துக்காரர்கள் குர்சுராவைக் கரையேற்றி 2002லேயே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கடல் இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே!

என் கோரிக்கை பெரிதில்லை.

முதலாவது, பட்டியும் எனாமலும் நிற்கட்டும். அதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, உடலில் பொறித்த எண்களைக் குறித்து, ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயின்ட் அடுக்குகளை ஒரு சிறு இடத்தில் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தால், அடியில் ரெஜிமெண்டின் குறி தெரியக்கூடும். மணல் வீசிச் சுத்தம் செய்தால் அதுவும் சேர்ந்து பறந்துவிடும்.

இரண்டாவது, வெல்டிங் வைத்த மூடியை அறுத்துத் திறந்து, தண்ணீரை வடித்து, காற்றோட்டம் விட்டு, பூட்டுப் போடுங்கள். பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இருட்டில் ஒளிரும் டயல்களில் கதிர்வீச்சுப் பொருள் இருக்கலாம். தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். எடையைச் சக்கர ரப்பரின்மேல் விடாமல் அடியில் தாங்கல் கொடுங்கள்.

மூன்றாவது, மேலே ஒரு கூரை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 'மெபிஸ்டோ' என்றொரு ஜெர்மன் டாங்கி உண்டு. 1918ல் கைப்பற்றியது, அந்த ரகத்தில் உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதையே பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்திவிட்டு 1980களில்தான் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். தாமதமாகவாவது செய்தார்கள். நாமும் செய்யலாம். கூரை போட முடியாத ஊருக்கு டாங்கி வேண்டாம். வாங்கின இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூறு டாங்கி துருப்பிடித்து நிற்பதைவிடப் பத்து டாங்கி ஒழுங்காக நிற்பது மேல். சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

நான்காவதுதான் அவசரம். ஒரே ஒரு விஜயந்தாவையாவது, செய்த நாளில் இருந்தது போல முழுசாகச் சீரமையுங்கள். ஒரு பக்கம் திறந்து, இன்ஜினைக் காட்டி, நான்கு பேரும் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரிகிற மாதிரி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் திருநின்றவூரிலும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், எந்த இடத்தில் சுத்தியல் ஆகாது என்பதெல்லாம் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி இவர்கள் விரலில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு மாலை போட்டுவிட்டு வருகிறேன். இரும்புகூட இன்னும் இருபது வருஷம் தாங்கும், இந்த ஆட்கள் தாங்க மாட்டார்கள். கூப்பிட்டால் கூலி கேட்க மாட்டார்கள். டீயும், உட்கார ஒரு ஸ்டூலும் போதும்.

உங்கள் ஊரில் டாங்கி நிற்கிறதா? அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெயர்ப் பலகை இருக்கிறதா, மூடியில் வெல்டிங் இருக்கிறதா, அடியில் தண்ணீர்க் கறை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, கலெக்டர் ஆபீசில் மனு நாளன்று கொடுத்து ரசீது வாங்குங்கள். நமக்கு நேரம் இருக்கிறது. வரிசையில் நிற்கவும் பழகியவர்கள்தானே நாம்!